சிவஞானம் குடித்திருக்கவில்லை

பதுளை
ஒக்டோபர் 1982

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடலுக்கு அப்பால் இருக்கும் உங்களை அல்லாஹ் பத்திரமாக வைத்திருப்பான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நானும் மகள் ஸல்மாவும் சுகம். வாப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. இங்கே அடைமழை. வெலிமடைப் பாதையில் மண் சரிந்து, கடைகளுக்கு மரக்கறி வரவில்லை.

சிவஞானம் அண்ணனின் சவப்பெட்டி வெள்ளிக்கிழமை தெமோதரைக்கு ரயிலில் வந்தது. உங்களோடு வயரிங் வேலை பார்த்து, உங்களோடேயே வெளிநாடு வந்த மனிதர் அல்லவா? வாப்பா என்னையும் அவர்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். லயத்து வீட்டு வாசலில் பெட்டியை வைத்திருந்தார்கள். திறக்கக் கூடாதாம். அண்ணனின் மனைவி பாக்கியலெட்சுமி அதன்மேல் கன்னத்தை வைத்தபடியே கிடந்தாள்.

பெட்டியோடு கொழும்பிலிருந்து வந்த ஏஜென்சிக்காரர், அண்ணன் குடித்துவிட்டு உயரத்தில் ஏறி விழுந்ததாக எல்லோர் முன்னாலும் சொன்னார். அதைக் கேட்டதும் அண்ணனுடைய அப்பா ரெங்கசாமி எழுந்துவிட்டார். "குடிச்சு செத்தவனுக்கு நான் வாய்க்கரிசி போட மாட்டேன்" என்று லயத்துக்குப் பின்னால் போனவர், யார் கூப்பிட்டும் வரவில்லை.

மச்சான், நோன்புப் பெருநாளுக்கு லீவில் வந்தபோது நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இடம். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து உதிர்வதால், வயர்களைத் தாங்க ஃபைபர் கிளாஸ் தட்டு பூட்டுகிறோம் என்றீர்கள். அதை அறுக்கும் தூள் பட்டுக் கையெல்லாம் தடித்திருந்தது. அந்தத் தட்டு வயரைத் தாங்கும், ஆளைத் தாங்காது என்றீர்கள். வேலை சீக்கிரம் முடிய, தாங்குகம்பிகளை வரைபடத்தில் உள்ளதைவிடத் தள்ளித் தள்ளிப் பூட்டச் சொல்வதையும், ஏறி நிற்கச் சாரம் கட்டாமல் தட்டின் மேலேயே நடக்கச் சொல்வதையும், சிவஞானம் அண்ணன் அதற்காக ஃபோர்மனோடு சண்டை போட்டதையும் சொன்னீர்கள். அவர் விழுந்த பிறகு மட்டும், "விபத்து, அல்லாஹ்வின் நாட்டம்" என்று எழுதி நிறுத்திக்கொண்டீர்கள்.

நான் லயத்துக்குப் பின்னால் போனேன். பெரியவர் மழையில் நனைந்தபடி நின்றார். அண்ணன் குடிக்கவில்லை, ஆளைத் தாங்காத தட்டின் மேல் நடக்க வைத்தார்கள் என்றேன்.

"உங்க வீட்டுக்காரரு பாத்தாராம்மா?" என்று கேட்டார்.

பார்த்தார் என்றேன்.

அவர் வந்து, மூடிய பெட்டியின் மேலேயே அரிசியைப் போட்டார். "ஞானம், அப்பன் உன்னைய தப்பா நெனச்சிட்டேன்டா" என்று அவர் அழுததை என்னால் எழுத முடியவில்லை.

புறப்படும்போது பாக்கியலெட்சுமி என் கையை விடவில்லை. "அக்கா, உங்க வீட்டுக்காரர நடந்தத நாலு வரி எழுதச் சொல்லுங்க. குடிகாரன் புள்ளைகன்னு நாளைக்கு யாரும் சொல்லிறக் கூடாது" என்றாள்.

இது உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரம் என்று தெரியும். வாயைத் திறந்தால் அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் தெரியும். அனுப்பினால் வாருங்கள். பதுளையில் நமக்கு ஒரு பிடி சோறு கிடைக்காமல் போகாது.

நீங்கள் பார்த்ததாக என்னிடம் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அதை நம்பித்தான் அந்த மனிதர் மகனை மண்ணில் வைத்தார். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள், மச்சான்.

உங்கள் கால் வைக்கிற இடமெல்லாம் உறுதியாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

உங்கள்
மர்லியா