மக்காச்சோளக் கொல்லையில் விழுந்த கேமரா

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் கடும் பனி. எட்டு மணிக்கும் பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டே. கடை திறந்ததும் முதல் வேலை கேமரா.

நேற்று விக்கிரமங்கலம் கல்யாணத்தில் ட்ரோன் விழுந்தது. ஓட்டியது சரவணன், வீடியோ கடையில் என் கூட்டாளி. நான் கொட்டகையில் பேட்டரிகளுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன், விழுந்ததைப் பார்க்கவில்லை. பக்கத்து மக்காச்சோளக் கொல்லையில் தேடி எடுத்து வந்தார்கள். ட்ரோனுக்கு ஒரு கை முறிந்தது. அது மாற்றிக்கொள்ளலாம். மேலே கட்டியிருந்த என் சின்ன ஆக்‌ஷன் கேமராதான் செத்துக் கிடக்கிறது. மாப்பிள்ளை ஊர்வலம் அதில்தான் இருக்கிறது.

"நீ ஒழுங்கா இறுக்கிக் கட்டல மாறா. மேல போனதும் ஆடிருச்சு," என்றான் சரவணன், எல்லார் முன்னாலும். பெண்ணின் பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கேமராவின் நிலை:
மேல் கண்ணாடி விரிசல். உள்ளே லென்ஸ் தப்பித்தது.
பேட்டரி மூடியின் கீல் உடைந்தது.
மைக் ஓட்டையில் மண்.
பேட்டரி லேசாக உப்பியிருக்கிறது. இனி போடக் கூடாது. தனியாக மணல் டப்பாவில் வைத்தாயிற்று.
பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை.

ஸ்பிரிட்டும் பழைய பல் பிரஷுமாக மதியம் வரை. பேட்டரி இல்லாமல் நேராக ஒயரில் கரண்ட் கொடுத்தேன். சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னியது. அவ்வளவுதான்.

நேற்று கேமராவை இரண்டு பட்டை போட்டு இறுக்கினேன். நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அதிலும் சந்தேகம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. பாப்பாவுக்கு ஸ்கூலில் ஏதோ சார்ட் ஒட்ட வேண்டுமாம், பசை வாங்க மறந்தேன்.

பேட்டரி அறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. உள்ளே இருக்கும் பித்தளை முனைகளில் ஒன்று மடங்கியிருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த கலாவின் தையல் ஊசியால் நிமிர்த்தினேன். மெமரி கார்டு பத்திரமாக வெளியே வந்தது. கணினியில் போட்டால் கடைசி ஃபைல் மட்டும் திறக்கவில்லை. அதுதான் ஊர்வலம்.

சரவணன் பதினோரு மணிக்கு வந்தான். டீ கிளாஸோடு நின்று பார்த்தான்.

"அதப் போயி நோண்டிக்கிட்டு. தூக்கிப் போடு. பார்ட்டிகிட்ட சொல்லிக்கலாம்."

"என்னன்னு சொல்லுவ?"

"ஏற்கனவே சொல்லியாச்சுல்ல. நீ கட்டுனது லூஸுன்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பதினோரு வருடக் கூட்டு. போர்டில் அவன் பெயர் மட்டும், ராசிக்காக.

பிப்ரவரி 4, புதன்

அரியலூர். பஸ்ஸில் நின்றுகொண்டே. வழியெல்லாம் சிமென்ட் லாரி, சட்டை சாம்பல் நிறம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் சர்வீஸ் வைத்திருக்கும் அன்சாரி பாய். இந்தப் பக்கத்தில் இந்த மாதிரி கேமராவைத் தைரியமாகத் திறப்பவர் அவர் ஒருவர்தான். உள்ளே திரைக்குப் போகும் பட்டை ஒயர் கழன்றிருந்தது. சாமணத்தால் மாட்டினார். தன்னிடம் இருந்த பேட்டரியைப் போட்டார். திரை வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். உசுரு இருக்கு மாறன்."

கார்டைப் போட்டதும் கேமரா தானாகவே கடைசி ஃபைலைச் சரி செய்யப் பார்த்தது. முடியவில்லை. பாய் கார்டை உடனே கழற்றிவிட்டார்.

"ரெக்கார்டு ஓடிக்கிட்டு இருக்கறப்பவே பேட்டரி கழண்டிருக்கு. ஃபைல மூட அதுக்கு நேரமில்ல. படம் உள்ளதான் இருக்கும். கார்டுல இனி எதையும் எழுதாதீங்க. மொதல்ல அப்படியே ஒரு காப்பி எடுத்துடுங்க, அதுல வேல பாருங்க."

கேமராவை ட்ரோனில் பிடித்திருந்த மவுண்ட்டையும் திருப்பிப் பார்த்தார். "இது அசையவே இல்லயே. பட்டை ரெண்டும் கட்டுனபடி இருக்கு."

திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே பெரம்பலூர் வரை வந்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

சரவணன் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தான். கடையில் நான் மட்டும்.

கெட்ட ஃபைலைச் சரி செய்யும் மென்பொருள். அதே கேமராவில் அதே அளவில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் காட்ட வேண்டும். முதல் முறை பச்சைக் கோடுகள். இரண்டாம் முறை படம் வந்தது, சத்தம் இல்லை. மாதிரி ஃபைல் வேறு அளவு, என் கவனக்குறைவு. மூன்றாம் முறை எல்லாமே வந்தது.

ஊர்வலம் அழகாக இருக்கிறது. கேமரா ஒரு இடத்திலும் ஆடவில்லை. கீழே ரிமோட்டோடு சரவணன், பக்கத்தில் பெண்ணின் பெரியப்பா, ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். எதிரே குறுக்கே கட்டிய சீரியல் செட் விளக்கு ஒயர், பட்டப்பகலில் தெளிவாக. மேலே தூக்க இடம் இருந்தது. தூக்கவில்லை. ஒயருக்குக் கீழே நுழைத்துக் காட்டப் பார்த்திருக்கிறான். மாட்டிக்கொண்டது.

பிறகு சோளத் தோகை, ஒரு துண்டு வானம், தூரத்தில் மேளம். கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தோகை மிதிபடும் சத்தம். பேச்சு.

பெரியப்பா: "கேமராவ யாரு தம்பி மாட்டுனது?"

சரவணன்: "கூட வந்துருக்கானே, அவன்தாங்க. ஒழுங்கா கட்டல."

"நம்ம ஆளா?"

"இல்லீங்க. காலனி. வேல தெரியும், அதான் வெச்சிருக்கேன்."

"மொதல்லயே சொல்றதில்லியா. வூட்டுக்குள்ள எல்லாம் போயி வந்தானா?"

"அதெல்லாம் வுடமாட்டேங்க. கொட்டாயிலயே உக்கார வெச்சுட்டேன். டிபன்கூட அங்கயே குடுத்தனுப்பிட்டேன்."

ஒரு கை வருகிறது. சரவணன் கை. மோதிரம். எடுத்து உதறுகிறான். அதோடு முடிகிறது.

அன்று காலை, "பேட்டரிய வுட்டுட்டு நவுராத, டிபன் அனுப்பறேன்" என்றான். அக்கறை என்று நினைத்தேன். வடை ஒன்று கூடுதலாக இருந்தது. அதற்குச் சந்தோஷப்பட்டுச் சாப்பிட்டேன்.

வேப்பந்தட்டை புதுமனை புகுவிழா: ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள். ஜெயங்கொண்டம் காதுகுத்து: வேனில் சாமான் இருக்கிறது, நீ இங்கேயே இரு. போன ஆவணியில் ஒரு வளைகாப்பு: உள்ளே பெண்கள்தான், நான் மட்டும் போய் எடுத்துவிடுகிறேன். எழுத எழுத வந்துகொண்டே இருக்கிறது. போதும்.

பிப்ரவரி 6, வெள்ளி

சிறுவாச்சூர் கோயில் கூட்டம், ஒரு பஸ்ஸிலும் இடமில்லையாம். நான் எங்கும் போகவில்லை. காய்ச்சல் என்று கடைக்குச் சொல்லிவிட்டேன்.

கலாவுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"இத்தன வருசத்துல நம்ம வூட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்காரா? வர்றப்பல்லாம் கையில பாட்டிலு. இப்பத்தான் சாப்ட்டேன்னுவாரு. நீங்க அவரு பேர அவ்ளோ ஆசையா சொல்லுவீங்க. நான் எப்படிச் சொல்றது?"

பாப்பா சரவணனைப் பெரியப்பா என்று கூப்பிடும்.

அவன்மேல் வந்த கோபத்தைவிட, கலா அத்தனை வருடம் அதைத் தனியாக வைத்திருந்தாள் என்பதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 7, சனி

காற்றே இல்லை. கடைக்குப் போனேன். ஹெட்போனை எடுத்து சரவணனிடம் நீட்டினேன். ஏதோ எடிட்டிங் சந்தேகம் என்று நினைத்து மாட்டிக்கொண்டான். கடைசி வரை கேட்டான். முகம் பெரிதாக மாறவில்லை. அதைத்தான் எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

"பார்ட்டிகிட்ட வேற எப்படிடா பேசறது? அவுரு கேட்டாரு. நானா சொன்னேன்?"

"ஒயரப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் என்னைச் சொன்ன?"

பொய் சொல்லவில்லை.

"உன்னச் சொன்னா அதோட வுட்டுடுவாங்கடா. என்னோட தப்புன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

அடிக்கலாம் என்று கை வந்தது. மேஜை மேல் இருந்த டீயை நகர்த்தி வைத்தேன், கீபோர்டில் கொட்டிவிடும் என்று. அந்த நேரத்திலும் கீபோர்டு.

மதியம் விக்கிரமங்கலத்து வீடியோவை முடித்தேன். ஒயர் தட்டும் இடத்துக்கு முன்பே வெட்டிவிட்டேன். அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் என்ன பாவம் செய்தார்கள்? முழு ஃபைல் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பினால் மட்டும், கேட்பவர்களுக்கு அதில் எது தப்பாகப் படும்?

பிப்ரவரி 9, திங்கள்

மறுபடி பனி. பாப்பாவுக்கு இருமல்.

கடைக்குப் போய் என் சாமான்களை எடுத்தேன். கலா கூடவே வந்து வாசலில் நின்றாள். ட்ரைபாட் இரண்டு. லைட் ஒன்று, அதன் குடை. ஹார்டு டிஸ்க். சாப்பாட்டு டப்பா. சரவணன் தடுக்கவில்லை. சேரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்வான் என்று கடைசி வரை ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

கேமராவைப் பையில் வைக்கும்போது தலையைத் தூக்கினான்.

"அத வெச்சிட்டுப் போ மாறா. வியாழக்கெழம வேல இருக்கு."

"இது என்னோடது."

"உன்னோடதா?"

நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்தான். உண்மையிலேயே அவனுக்கு நினைவில்லை.