வெள்ளை உடுத்தி டென்னிஸ் பார்த்த ஞாயிறு

அத்திப்பட்டு,
திங்கட்கிழமை

என் அருமை மகள் சுகிர்தாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்துக்கு இரண்டு வேளையும் ஜெபம் பண்ணுகிறோம். சுகம் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை கண்ணு, நிஜமாகவே சுகம். போனில் சொல்லலாம் என்றால் என் முகத்தைப் பார்த்ததுமே நீ அழுகிறாய், பிறகு நானும் அழுகிறேன், சொல்ல வந்தது போய்விடுகிறது. பக்கத்து வீட்டு பென்னி படிப்புக்காக உங்கள் ஊருக்கே வருகிறான், பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றான், அதனால் மோர்மிளகாயோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது பக்கத்தில் இல்லாமல் போனேனே, இந்த நர்ஸ் வேலையே வேண்டாம், விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ போன வாரம் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் நேற்று நம் வீட்டில் நடந்த கூத்தைக் கேள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அப்பா வாசற்படி தாண்டவில்லை என்று உனக்குத் தெரியும். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, பேச்சு குழறுகிறது, இந்த வாயோடு யார் முகத்தில் விழிப்பேன் என்று உள்ளேயே அடைந்து கிடந்தார். கூட வேலை பார்த்தவர்கள் போன் பண்ணினால் தானும் எடுக்கமாட்டார், என்னையும் எடுக்க விடமாட்டார். கரண்ட் ஸ்டேஷனில் நிலக்கரி பெல்ட்டில் அவரோடு ஒரே ஷிஃப்ட் பார்த்து ஒரே டிபன் பாக்ஸில் தின்ற வீரராகவன் அண்ணன் அடித்த போன்கூட அடித்து அடித்து ஓய்ந்தது. பிசியோதெரபி செய்ய வரும் பூமிகா பொண்ணு கழுத்தைத் திருப்புங்கள் என்றால் கேட்காத மனுஷன், அவள் டிவியில் டென்னிஸ் போட்டதும் பந்து போகிற பக்கமெல்லாம் தானாகவே தலையைத் திருப்பினார். அதைச் சொன்னபோதுதானே நீ, அப்படியென்றால் இங்கே செய்கிற மாதிரி விம்பிள்டனுக்கு ஒரு பிரன்ச் பார்ட்டி வை அம்மா, நாலு பேர் வந்தால் அப்பாவுக்கும் மனசு மாறும் என்றாய். நீ சொன்னால் எனக்கு வேதவாக்கு.

எல்லாம் உன் சொற்படிதான் செய்தேன், குறை சொல்லக்கூடாது. நீ அனுப்பிய அந்த ஊர்க் கொடித் தோரணத்தை ஹாலில் டிவிக்கு மேலே கட்டினேன். பிரன்ச் என்றால் நாஷ்டாவுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் என்று எதிர்வீட்டுத் தமிழ்செல்வியிடம் விளக்கினால், மூணரை மணிக்கு இன்னா நாஷ்டாக்கா என்று சிரிக்கிறாள். உங்கள் ஊரில் காலை பதினொரு மணிக்கு ஆரம்பிக்கிற ஆட்டம் இங்கே மூன்றரைக்குத்தான் வருகிறது, நான் என்ன செய்ய. மீஞ்சூர் முழுக்க அலைந்தும் ஸ்ட்ராபெரி கிடைக்கவில்லை, நாவல்பழத்தைப் பாலேட்டில் போட்டேன், எல்லார் நாக்கும் ஊதா. நீங்கள் டப்பாவில் வாங்குகிற தக்காளி பீன்ஸுக்குப் பதில் காராமணியைத் தக்காளியில் வேகவைத்தேன். வெள்ளரிக்காய் சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு, துன்னா மாரியும் இல்ல, துன்னாத மாரியும் இல்ல என்றாள் தமிழ்செல்வி. சர்ச் முடிந்து வீட்டில் மட்டன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு வெள்ளரிக்காய் எப்படி ஏறும்.

அங்கே ஆடுகிறவர்கள் மாதிரி எல்லாரையும் வெள்ளையில் வரச்சொல் என்றாய் பார், அதுதான் எல்லாவற்றிலும் சுலபமாக இருந்தது. நம் சபையில் வெள்ளை இல்லாத வீடு ஏது, ஆராதனைக்கு உடுத்தியதோடு அப்படியே வந்துவிட்டார்கள். ஹாலில் இத்தனை பேருக்கு இடம் போதாது என்று வாசலில் ஷாமியானா போட்டு பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி, டிவியை வாசல் பார்க்கத் திருப்பினேன். அப்பா மட்டும் தெரு பார்க்காமல் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பந்து அடிக்கும்போது மூச்சு விடக்கூடாது, அது அந்த ஆட்டத்துக்கு மரியாதை என்று பூமிகா சொல்லிவிட்டாளா, ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீயே நினைத்துப் பார். பந்தல், நாற்காலி, அத்தனை பேரும் வெள்ளை, அத்தனை பேரும் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, பேச்சுமூச்சு இல்லை. மகள் வீட்டுக்குப் போக ஷேர் ஆட்டோவில் நம் தெரு வழியாகப் போன வீரராகவன் அண்ணன் அதைப் பார்த்திருக்கிறார். ஏற்கெனவே போன் எடுக்காத வீடு, அவர் வேறு என்ன நினைப்பார். அங்கேயே இறங்கி ரயில்வே கேட் பக்கம் போய் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

செருப்பைத் தெருவிலேயே விட்டு, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, சுப்பு, சொல்லாம கொள்ளாம பூட்டியேடா என்று அவர் கதறியதும் அத்தனை தலையும் ஒரே சமயத்தில் திரும்பியது. எனக்கு முதலில் புரியவில்லை. கையிலிருந்த மாலையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, கோபத்தில் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் அப்பா கதவைப் பிடித்து எழுந்துவிட்டார். யாரையும் கூப்பிடவில்லை, தடியை எடுக்கவில்லை. படி இறங்கி, ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு வந்து அண்ணன் எதிரே நின்றார். அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எந்திரி வீரா, மாலைய என் கயுத்துல போடு, உசுரோட இருக்கசொல்லவே போட்டுடு, அப்பால போட்டா எனுக்கு இன்னா தெரியப்போவுது என்றார் அப்பா. குழறல்தான், ஆனால் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. ஜனங்கள் சிரித்த சிரிப்பில் நாவல்பழக் கிண்ணம் கவிழ்ந்து நாலு வெள்ளைப் புடவை பாழ். என் புடவையும்தான், கறை போகவில்லை, போகாவிட்டால் போகட்டும்.

அதன் பிறகு இரண்டு பேரும் பந்தலிலேயே ஜோடியாக உட்கார்ந்து தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள், அப்பா கழுத்தில் மாலையோடு. போன எட்த்து ம்முனு ஒரு சத்தம் குட்த்திருந்தா போதுமேடா என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். பசியோடு வந்தவர் அவர் ஒருவர்தான், மீந்த சாண்ட்விச் எல்லாம் அவரே தின்றார். யார் ஜெயித்தது என்று என்னைக் கேட்காதே, ஒருவருக்கும் தெரியாது. இன்று காலை அப்பா தானாகவே டீக்கடை வரைக்கும் போய்வந்தார் சுகிர்தா. நான் அடுப்பங்கரையில் நின்று ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி அழுதேன்.

இப்போது உன் விஷயம். அன்றைக்கு அப்பாவுக்குத் தலைவலி என்று நான் வீடியோவில் காட்டியபோது, வாய் கோணுதும்மா, ஒரு நிமிஷம் நிக்காதே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்று விரட்டியவள் நீ. நான் பக்கத்திலேயே இருந்தேன், எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு தூரத்திலிருந்து உனக்குத் தெரிந்தது. நேற்று அவரைத் தெருவுக்குக் கொண்டுவந்ததும் உன் யோசனைதான். கூட இல்லையே என்று இனிமேல் ஒரு வார்த்தை சொல்லாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும். உன்னைப் பெற்றதற்கு நானும் அப்பாவும்தான் ஆண்டவருக்குக் கடன்பட்டவர்கள். வேலையை விடாதே. நைட் டியூட்டி முடிந்து பட்டினியோடு படுக்காதே, குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். மோர்மிளகாய் வைத்திருக்கும் எவர்சில்வர் தூக்கு தமிழ்செல்வியுடையது, நீ வரும்போது மறக்காமல் கொண்டுவா, இல்லாவிட்டால் அவள் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அன்பு அம்மா,
சு. ரோசம்மாள்

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்க்கிறார். நான் சொல்றத அப்டியே எய்து என்கிறார், எழுதுகிறேன்: மாலை நல்லா வாசனையா இருந்திச்சி கண்ணு. அட்த்த வருசம் லீவு போட்டு வா. அழுவுறதுக்கு வராத, அப்பாவோட குந்திக்கினு ஆட்டம் பாக்க வா. வரசொல்ல கலர்ல துணி எட்த்துக்கினு வா.