வானத்தில் ஒரு பெருக்கல் குறி

நாள் 88, காலை 6.10. செம்பொட்டல் நிலையம்

பதிவு: பிளசிடா பர்னாந்து, விமானப் பொறியாளர். மேற்குக் காற்று, மிதம். குடியேற்ற வான்கப்பல் வந்திறங்க இன்னும் மூன்று நாள். ஓட்டி வருபவன் என் தம்பி ரெமி. கூடவே இருநூறு பேர். இங்கே நானும் மாசிலாமணி அண்ணனும் மட்டும். அவர் டிராக்டரில் இறங்குதளத்தைச் சமன் செய்யப் போயிருக்கிறார். திரும்பியதும் புட்டு வேண்டுமாம். தேங்காய்க்கு எங்கே போவேன்?

நாள் 88, காலை 11.40

இறங்குதளம் உடைந்தது. மேலே காய்ந்த மண் ஓடு, அடியில் கொதிக்கும் சேறு. டிராக்டர் மூழ்கியது. வானொலிக் கோபுரமும் சாய்ந்து உள்ளே போனது. அண்ணனுக்குக் கயிறு வீசினேன். எட்டவில்லை.

நாள் 89, மாலை 4.00

மண் ஓடு என் சின்ன விமானத்தைத் தாங்கும். கப்பலைத் தாங்காது. கிழக்கே பாறைமேட்டில் தாராளமாக இறங்கலாம், ஆனால் அதை ரெமியிடம் சொல்ல வழியில்லை. விமானத்து வானொலியில் கேட்கலாம், பேச முடியாது. தார்ப்பாய்களால் தரையில் பெருக்கல் குறி விரித்தேன். ஒரு மணி நேரத்தில் புழுதி மூடிவிட்டது.

வானத்தில்தான் போட வேண்டும். பெருக்கல் குறி என்றால் 'இறங்காதே' என்று எந்த விமானிக்கும் தெரியும்.

நாள் 90, பகல் 1.30

குளிர்சாதனப் பெட்டியின் செப்புக் குழாய். தண்ணீர் சுத்திகரிப்பானின் பம்ப். பூச்சிமருந்துத் தெளிப்பானின் முனை. எஞ்சினின் சூடான புகைபோக்கியில் எண்ணெயைப் பீய்ச்சினால் வெண்புகை வரும். எண்ணெய்க்காக டிரான்ஸ்பார்மரைத் திறந்து வடித்துவிட்டேன். நிலையத்தில் இனி விளக்கு இல்லை.

முதல் சோதனையில் எஞ்சின் சூடாவதற்குள் பம்ப்பைப் போட்டுத் தொலைத்தேன். எண்ணெய் தேங்கித் தீப்பிடித்தது. புருவம் போயிற்று, பாதி எண்ணெயும் போயிற்று. என்னைப் போல ஒரு மடச்சி உண்டா!

மிச்சம் ஒரு கோட்டுக்குத்தான் வரும். இன்னொரு கோட்டுக்கு, வருகிறவர்கள் தலைக்குத் தேய்க்க வாங்கி வைத்திருந்த தேங்காய் எண்ணெய் இருக்கிறது. இரண்டாவது கேனில் ஊற்றிச் சோதித்தேன். உச்சி வெயிலில் அருமையாகப் புகைந்தது. உட்கார்ந்து அழுதேன்.

நாள் 91, காலை 9.20. வானில்

இனி நான் பேசுவதை இந்தப் பெட்டி எழுதிக்கொள்ளும். கப்பல் தெரிகிறது. கடுங்குளிர். முதல் கேன், பம்ப் போட்டாயிற்று. புகை வருகிறது. நேராக, கெட்டியாக, செம்மண்ணுக்கு மேலே பளிச்சென்று ஒரு கோடு.

காலை 9.31

குறுக்குக் கோட்டுக்குத் திரும்பிவிட்டேன். இரண்டாவது கேன். பம்ப் ஓடுகிறது, புகை இல்லை.

கேனைத் தொட்டுப் பார்த்தேன். உறைந்துவிட்டது. மார்கழியில் பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கித் தலைக்குத் தேய்த்து வளர்ந்தவள் நான். எப்படி மறந்தேன், எப்படி மறந்தேன்?

காலை 9.36

குழாயைக் கையால் தேய்க்கிறேன். கேனை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். உருகு. உருகித் தொலை.

கப்பலிலிருந்து: "யக்கா! கோடு தெரியுதுக்கா! எந்தப் பக்கமா எறங்கணும்னு வானத்துலயே கோடு போட்டுக் காட்டுதா பாருங்க, எங்க அக்கா!"

இல்லை ரெமி. அது பாதிதான்.

காலை 9.39

அவனுக்கு எதிரே போய் இறக்கைகளை ஆட்டினேன். வலம், இடம், வலம்.

கப்பலிலிருந்து: "வரவேற்பெல்லாம் பலமா இருக்குலா! இந்தா, நானும் ஆட்டுதேன், பாருக்கா. கோட்டுக்கு நேராவே எறக்குதேன். புட்டு அவிச்சு வச்சிருக்கியா?"

பின்னால் பிள்ளைகள் கைதட்டும் சத்தம் கேட்கிறது.

காலை 9.41

சக்கரங்களை இறக்கிவிட்டான்.

அவனை மேலே ஏற வைக்க எனக்கு ஒரே வழிதான் இருக்கிறது. அவன் மூக்குக்கு நேரே போகிறேன். கையெல்லாம் எண்ணெய், பிடி வழுக்குகிறது. மாதாவே, அவன் பார்க்க வேண்டும்.

கப்பலிலிருந்து: "யக்கா, போதும், வெளையாடாத. வழிய விடு. யக்கா? யக்கா, வெலகு!"

விலக மாட்டேன். ஏறு ரெமி. ஏறுடா. இந்தப் பெட்டி யார் கையில் கிடைத்தாலும் சரி, கேளுங்கள், பொட்டலில் இறங்கா