நீ எழுதி நான் படித்த பன்னிரண்டு வரி

என் தங்கமான தெய்வானை அக்காவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஐப்பசி மழையில் உன்னை அனுப்பிவைத்தோம். இப்போது பங்குனி வெயில். மேஜைமேல் பதினோராம் வகுப்புப் பெண்களின் ஆங்கிலக் கவிதை நோட்டுகள் நாற்பத்திரண்டு கிடக்கின்றன. சலிப்பாக இருக்கிறது அக்கா. சிவப்பு மைப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் படித்த இந்தப் பள்ளிக்கூடத்தில் வருடக் கடைசி வழக்கம் எதுவும் மாறவில்லை. பாடத்திலுள்ள ஒரு கவிதையைப் பார்த்து எழுதி, அதற்குப் பொருள் எழுதி, கடைசிப் பக்கத்தில் சொந்தமாக ஆங்கிலத்தில் பன்னிரண்டு வரி எழுத வேண்டும். முப்பது பேர் நிலாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி எழுதியதை இருபத்தொன்பது பேர் பார்த்து எழுதினார்கள் என்பது குருடனுக்கும் தெரியும். யாரைத் திட்டுவது? எனக்குத் திட்ட வாயிருக்கிறதா?

நேற்று ஒரு நோட்டில் கை நின்றுவிட்டது. பெயர்ச் சீட்டு தடிமனாக இருந்தது. நம் ஊரில் நோட்டுக்குச் சீட்டு யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? பனியன் பெட்டிமேல் ஒட்டும் லேபிளில் மிச்சம் விழுவதை வீட்டுக்குக் கொண்டுவந்து, படம் உள்பக்கம் போக ஒட்டி, வெள்ளைப் பக்கத்தில் பெயர் எழுதுவதுதானே. இதில் ஒரு லேபிளின்மேல் இன்னொரு லேபிள் இருந்தது. மேலே இருந்ததை நகத்தால் கிளப்பினேன். மேலே பழனாத்தாள். அடியில் மாராத்தாள்.

பழனாத்தாளைக் கூப்பிட்டேன். "மாராத்தா யாரு?" என்றேன்.

"எங்கக்காங்க டீச்சர். வேற செக்சனுங்க. போன வருசம் இந்த நோட்ட எழுதி முடிச்சதும் நின்னுட்டாங்க."

"அவகிட்டக் கேட்டியா?"

"கேக்கலீங்க. அக்கா கம்பெனிக்குப் போறாங்க. அவங்களுக்கு இனி நோட்டு எதுக்குங்க?"

அவளை வகுப்புக்குப் போகச் சொன்னேன். அதே வார்த்தையை நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதானே உன் நோட்டின்மேல் என் பெயரை ஒட்டினேன்?

அம்மா படுக்கையில் விழுந்ததும் பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னால் உன்னை நிறுத்தினார்கள். அந்த நோட்டை எழுதி முடித்து, கொடுக்காமலேயே டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, பனியன் மடிக்கப் போனாய். இரண்டு வருடம் கழித்து என் முறை வந்தபோது எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை. பெட்டியைத் திறந்தேன். ஊத்துக்குளி ஸ்டேஷனைப் பற்றி நீ எழுதியிருந்தாய். வெண்ணெய்ப் பானைகள் வண்டிக்குக் காத்திருக்கின்றன, அவற்றோடு ஒரு பெண்ணும் நிற்கிறாள். மூன்றாவது வரி, 'இந்த வண்டி ஒரு நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போகும்.'

என் டீச்சர் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடி, ஆண்டு விழாவில் படிக்கச் சொல்லிவிட்டார். நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை. வேலை முடிந்த கையோடு, தலையில் பஞ்சுத் தூசியோடு கடைசி வரிசையில் வந்து நின்றாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த மூன்றாவது வரியை எப்படிச் சொல்வேன்? நாலாவதுக்குத் தாவிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். "மூணாவது வரிய உட்டுட்டியே கண்ணு."

அவ்வளவுதான். சாகும்வரை அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. திட்டியிருக்கலாமே அக்கா? இரண்டு அறை அறைந்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

அந்தக் கைதட்டலை அப்பா மறக்கவில்லை. "சின்னவளுக்கு இங்கிலீசு நல்லா வருதாமா. இவளையாச்சும் படிக்க வெப்போம்" என்றார். கோயமுத்தூரில் பி.யு.சி., அப்புறம் பி.ஏ., அப்புறம் இந்த வேலை. உன் வண்டியில் நான் ஏறிப் போனேன். நீ கம்பெனியில் எல்லோரிடமும் "எந் தங்கச்சி இங்கிலீசு டீச்சருங்க" என்று சொல்லித் திரிந்தாய். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வரும். உன்னைக் கட்டிலில் பார்த்த கடைசி நாளிலும் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கோழை அக்கா நான்.

பழனாத்தாளுக்கு என்ன மார்க் போடுவது? முட்டை போட்டால் நான் யார்? பத்துக்குப் பத்து போட்டால் மாராத்தாள் யார்?

இன்னும் போடவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. மங்கலம் சாலையில் அவர்கள் வீட்டுக்குப் போய், மாராத்தாளை உட்காரவைத்து, அவள் எழுதியதை அவளையே படிக்கச் சொல்லப் போகிறேன். தங்கையும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். மார்க் அதற்குப் பிறகுதான். பழனாத்தாள் தன்னுடையதை எழுத நாலு நாள் தருவேன்.

வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. டீச்சர்கள் சார்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உன் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். பசை காய்ந்து என் பெயர் தானாகவே உதிர்ந்தது. அதே மேடையில், இது யார் எழுதியது, யார் திருடியது என்று சொல்லிவிட்டுப் படிப்பேன். பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். கடைசி வரிசையில் யாரும் இருக்கமாட்டார்கள், தெரியும். ஆனாலும் மூன்றாவது வரியை இந்த முறை விடமாட்டேன் அக்கா.

உன் பெயரின்மேல் தன் பெயரை ஒட்டிய தங்கை,
சரசு