யாரும் உன்னை உதைக்கவில்லை

உன் மகளின் குதிகாலிலிருந்து நீலகிரித் தைலம் மணந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன், பாசம் பொங்கி அல்ல. நீ இறந்த செய்தி வந்த அன்று அலுவலகத்தில் மதியச் சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். காரியத்துக்கும் வரவில்லை. வந்திருந்தால் உன் ஊர்க்காரர்கள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பார்களா என்று நீயே சொல்.

நீளம் தாண்டும் போட்டி நடந்தால் மணல் குழியருகே அளவு நாடா பிடிக்க என்னைக் கூப்பிடுவார்கள். பழைய ஆட்டக்காரன் என்ற மரியாதை. போன மாதம் நாடாவின் நுனியை மணலில் அழுத்திக்கொண்டு குனிந்திருந்தேன். குழியைவிட்டு எழுந்த ஒரு பெண் என்னைக் கடந்து போனாள். தைலம் மணந்தது. கண்ணெதிரே இருந்தது அவள் கால்தான். இடது குதிகாலுக்கு மேலே நரம்பு, விரல் மொத்தத்துக்குத் தடித்திருந்தது. அடுத்த முறை அவள் ஓடி வந்ததை நிமிர்ந்து பார்த்தேன். கடைசி எட்டுகளில் இடுப்பைச் சற்றே தாழ்த்தினாள். பலகையில் கால் பட்டதும், உயரத்தில் எதையோ பறிக்கப் போகிறவள்போல எழும்பினாள். அப்படி எழும்புகிறவன் ஒருவனைத்தான் எனக்குத் தெரியும்.

“எந்த ஊரு கண்ணு?”

“மலைமேல, பெரக்கரை நாடுங்க.” அப்பா பேரென்று உன் பெயரையும் சொன்னாள். நான் என் பெயரைச் சொன்னேன். அவள் முகம் இறுகிவிட்டது.

“எங்கப்பாவ ஒதைச்சவரு நீங்கதானுங்களா?”

இவ்வளவு வெறுப்பிலும் அந்த ‘ங்க’வை மட்டும் அவள் விடவில்லை. உன் வளர்ப்பு நல்ல வளர்ப்புதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு, எப்படிப் பயிற்சி செய்கிறாய் என்று கேட்டேன். “எங்கப்பா செஞ்ச மாதிரிங்க. மணல் மூட்டையோட, காட்டுல” என்று சொல்லிவிட்டு நடந்துபோனாள். மாநில அணித் தேர்வுக்கு அவள் பெயர் போயிருந்தது.

நாம் பிளஸ் டூ படித்துக்கொண்டே சேர்ந்து நீளம் தாண்டிப் பழகிய காலம் உனக்கு நினைவிருக்கும். செத்தவனுக்கு நினைவு இருக்குமானால். நான் காளப்பநாயக்கன்பட்டியில் வீட்டிலிருந்து வருகிறவன், நீ விடுதிப் பையன். நீ மலையிலிருந்து கால்களைக் கொண்டுவந்தாய், நான் நூலகத்திலிருந்து பயிற்சிப் புத்தகங்களைக் கொண்டுவந்தேன். மூச்சு வாங்கும் வரை ஓடினால் வேகம் வராது, முழு வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடு, உடம்பு ஆறியபிறகு அடுத்ததை ஓடு என்பேன். முழங்கால் உயரத்திலிருந்து சுமையில்லாமல் குதி, சுடுமணலில் கால் பட்டதுபோல உடனே எழும்பு என்பேன். போட்டிக்கு முந்தின வாரம் படுத்துக் கிட என்பேன்.

“படுத்துக் கெடந்தா பலம் வருமாடா மாப்ள? அப்ப எங்க ஊட்டுப் பூனைதான் மொதல்ல வரோணும்” என்று சிரிப்பாய்.

உங்கள் ஊரில் மரவள்ளி மூட்டையோ பலாப்பழமோ, எல்லாம் தோளில்தான் இறங்கும். படிப்படியாக இறங்கும் வயல்களில் சுற்றி வரப் பொறுமையில்லாத இளவட்டங்கள் மூட்டையோடு ஒரு கற்சுவரிலிருந்து அடுத்த வயலுக்கு ‘தொப்’பென்று குதிப்பார்கள். ஈர மண், தாங்கிக்கொள்ளும். அதையே நீ பயிற்சியாக்கினாய். மரவள்ளிக்குப் பதில் மணல். “ஏத்தம் மூச்சுக்கு, எறக்கம் காலுக்கு” என்று அதற்கொரு பழமொழி வேறு செய்துகொண்டாய். விளைச்சலைச் சுமந்து இறங்குவது வேலை, அதற்கு ஒரு முடிவு உண்டு. நீயோ மறுபடி ஏறி மறுபடி குதித்தாய், காய்ந்து பாறையான கோடை மண்ணில். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். தைலம் தேய்ப்பாய். மறுபடி மூட்டை.

மாவட்ட அணித் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், நான் உன் வீட்டில் தங்கியிருந்தேன். வேண்டாம் என்று கெஞ்சினேன். “இன்னொண்ணே ஒண்ணு” என்று குதித்தாய். காய்ந்த மூங்கில் தெறித்ததுபோல ஒரு சத்தம். நீ மண்டியிட்டு விழுந்தாய், பின்னால் திரும்பிக் கத்தினாய்: “ஏண்டா ஒதைச்சே?”

உன் பின்னால் யாருமில்லை. நான் சுவரின் மேல் நின்றுகொண்டிருந்தேன், உன் தலைக்கு மேலே.

விடிகாலைப் பஸ்ஸில் உன்னைத் தோளில் தாங்கிக் கீழே இறக்கினேன். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் நீ முனகியது என் காதருகில்தான். கட்டுப்போடும் வைத்தியர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, “குதிகால் நரம்பு அறுந்துபோச்சு. அறுந்தா பின்னாடி ஆரோ எட்டி ஒதைச்சாப்ல இருக்கும்” என்றார். நீ கேட்டாய். தலையை ஆட்டினாய். பிறகு என் கையைப் பிடித்தாய்: “மலைக்காரன் சொந்தக் காட்டுல குதிச்சுக் கால ஒடைச்சுக்கிட்டான்னா சிரிப்பாங்கடா. ஆருகிட்டயும் சொல்லீராத.” சொல்லவில்லை. அங்கிருந்து மைதானத்துக்கு ஓடினேன். நீ வராத இடம் எனக்குக் கிடைத்தது. அதனால் கல்லூரி கிடைத்தது. அந்த வாரத்துக்குள் மலை முழுக்கப் பேச்சு: கீழ்நாட்டுக்காரன் இடத்துக்கு ஆசைப்பட்டுப் பின்னாலிருந்து உதைத்துவிட்டான்.

நீ மறுக்கவில்லை. உனக்கு அது வசதியாகப் போயிற்று. சந்தைக்கு மிளகு கொண்டுவருகிறவர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ‘ஒதைக்காரன்’ என்று ஒரு பட்டம் என் கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்தது. என் அப்பாவே ஒருநாள் தயங்கித் தயங்கி, “நெசமா சொல்லு சாமி, கால் கீல் பட்டுருச்சா?” என்று கேட்டார். அவரிடமும் உன் ரகசியத்தைச் சொல்லவில்லை. முப்பது வருடத்தை நெருங்கும் இந்தக் கதையில் எனக்கு ஆறவே ஆறாத இடம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மலையேறினேன். உன் வீட்டுக்குப் பின்னால், அதே சுவரின்மேல், தோளில் மூட்டையோடு உன் மகள் நின்றாள்.

“எறங்கு. சுத்தி வந்து எறங்கு” என்று கத்தினேன்.

“எங்கப்பாவக் கெடுத்தது பத்தாதுங்களா? என்னையும் தடுக்க வந்தீங்களா?”

“காலைல எந்திரிச்சு மொத அடி வெக்கையில குத்துதா இல்லையா? அப்புறம் நடக்க நடக்கச் சரியாப் போவுதா?”

மூட்டை அசைந்தது. “ஆருங்க சொன்னா?”

“உங்கப்பனுக்கு அப்படித்தான் இருந்துச்சு. இதே செவுத்துல இருந்து குதிச்சுத்தான் அறுந்துச்சு. ஆரும் ஒதைக்கல.”

“பொய்யிங்க.”

அப்போதுதான் உன் மனைவி புறக்கடையிலிருந்து வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் மகளிடம் சொன்னார்: “பொய்யில்ல கண்ணு. கடைசியில ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப எங்கிட்டச் சொன்னாரு. இவங்களக் கூப்புட்டுச் சொல்லோணும்னாரு. நாளைக்கு, நாளைக்குன்னு போயிருச்சு.”

நாளைக்கு! நான் வேலை பார்க்கும் அலுவலகம் எதுவென்று உன் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மனைவியிடம் சொல்ல மூச்சு இருந்திருக்கிறது, என்னிடம் சொல்ல இல்லை. செத்தவனை அடிக்க முடிந்திருந்தால் அந்த இடத்திலேயே அடித்திருப்பேன்.

உன் மகள் மூட்டையை இறக்கிச் சுவர்மேல் வைத்தாள். சுற்றி வந்தாள், நொண்டியபடி. நொண்டுவதை அதுவரை மறைத்திருக்கிறாள். நல்ல எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும், இந்தத் தேர்வை விட்டுவிட வேண்டியிருக்கும் என்றேன். அழுதாள். தேர்வுக்காக அழுதாளா உனக்காகவா என்று தெரியவில்லை.

“ஊருக்குள்ள சொல்லட்டுங்களா?” என்று கேட்டாள்.

பெருந்தன்மையாக ‘வேண்டாம் கண்ணு’ என்று சொல்வேன் என்று நீ நினைப்பாய். “சொல்லு. ஒருத்தர் விடாமச் சொல்லு” என்றேன். உனக்குக் கொடுத்த வாக்கு அதோடு முடிந்தது. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

கிளம்பும்போது பின்னாலேயே வந்தாள்.

“அப்பா நெசமாவே அவ்ளோ தூரம் தாண்டுவாருங்களா? இல்ல, அதுவும் சும்மா சொன்னதுங்களா?”

ஒரு சொல் போதும். ‘சும்மாதான்’ என்றால் உன்னிடம் மிச்சமிருந்ததும் போயிருக்கும். சாட்சி சொல்ல என்னைத் தவிர யாருமில்லை. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பள்ளி மைதானத்தில், மணல் போதாமல் குழிக்கு அப்பால் புல்லில் போய் விழுந்துவிட்டு, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சிரித்த உன் முகம் குறுக்கே வந்து நின்றது, பாவி.

“ஆமா” என்றேன். “குழி பத்தாது.”