எளாவூர்த் தண்ணீர்

கோட்டைக்குப்பம்
9.2.2024

அன்புள்ள வினோதினிக்கு,

நான் நலம். நீயும் குழந்தை ஐசுவும் நலமா? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் இதை நண்டு வண்டி கோதண்டம் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே நண்டும் இருக்கிறது. கடல் நண்டுதான், பயப்படாமல் சாப்பிடு.

பழைய டீசல் கிடங்கைச் சுற்றி நிலத்தடித் தண்ணீரைச் சோதிக்கிற நந்தினி மேடம் நேற்று வந்தார். சோதனைக்காக மண்ணுக்குள் இறக்கியிருக்கிற குழாய்களின் மூடிச் சாவி இப்போது என்னிடம்தான். பூட்டைத் திறந்து, தண்ணீர் இறைத்துக் கொடுப்பது என் வேலை. நம் கிணற்றுக்குப் பக்கத்துக் குழாயில் டீசல் இன்னும் குறையவில்லையாம். "எப்ப மேடம் சரியாவும்?" என்று கேட்டேன். "மண்ணுக்குள்ள இறங்கினது லேசுல போகாது ரஞ்சித்" என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே கேள்வி, இதே பதில். எனக்கே அலுத்துவிட்டது.

அம்மா பழைய பாட்டையே பாடுகிறது. "நாங்க இத்த குடிச்சுதானே வளந்தோம், கொயந்தைக்கு மட்டும் இன்னா?"

வீடு வீடாக இல்லை. வந்துவிடேன்.

ரஞ்சித்

எளாவூர்
16.2.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நண்டு கிடைத்தது. ஐசு ஓட்டைக்கூட விடவில்லை. அவள் தோலில் இருந்த தடிப்பெல்லாம் ஆறிவிட்டது.

வீடு வீடாக இல்லை என்கிறீர்கள். எனக்கு மட்டும் இங்கே மாளிகையா? அண்ணன் வீட்டில் அண்ணி முகத்தைப் பார்த்துச் சோறு தின்பது லேசா? நான் அவ்வளவு கெஞ்சியும் அத்தை அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குழந்தைக்குக் கொடுத்தார்கள். நீங்கள் வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. குழாயில் நல்ல தண்ணீர் என்று அந்த மேடம் எழுதிக் கொடுக்கட்டும், அன்றைக்கே வருகிறேன்.

இரண்டு கேன் தண்ணீர் அனுப்பியிருக்கிறேன். இனி வாராவாரம் வரும். அத்தைக்கும் கொடுங்கள். வேண்டாம் என்று வீம்பு பிடிப்பார்கள், விடாதீர்கள்.

வினோதினி

கோட்டைக்குப்பம்
10.5.2024

அன்புள்ள வினோதினிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியது என் தப்பா என்று தெரியவில்லை.

இன்று மேடம் வருகிற நேரத்தில் சாவியைக் காணோம். தேடிக்கொண்டு போனால், அம்மா சோதனைக் குழாயின் மூடியைத் திறந்து அதற்குள் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறது. அத்தனையும் நீ அனுப்பிய தண்ணீர்!

"இன்னாம்மா பண்றே?"

"எளாவூர் தண்ணி நல்லா கீதுன்னுதானே அனுப்புறா? இத்த உள்ள ஊத்துனா நல்ல தண்ணின்னு எழுதிக் குடுப்பாங்க. புள்ளயக் கூட்டிக்கினு வந்துடுவா."

உன் கேனில் ஒரு வாய்கூட அது குடித்ததில்லை. வாராவாரம் அங்கேதான் ஊற்றியிருக்கிறது.

மேடம் சிரிக்கவில்லை. குழாயில் நிற்கிற தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் எப்போதும் புட்டியில் பிடிப்பார்கள். இந்தத் தடவை அதுவும் செல்லாது, பிறகு வந்து எடுக்கிறேன் என்றார். பூட்டை மாற்றி, சாவியையும் வாங்கிக்கொண்டார். வேலை போயிற்று.

ஆனாலும் அம்மாவுக்குக் காட்டுவதற்காக, ஊற்றியது போக இறைத்துவிட்டு அதே குழாயிலிருந்து ஒரு வாளி பிடித்தார். டீசல் வாடையை முகர்ந்து பார்த்துவிட்டு அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டது. "இத்தயா நான் கொயந்தைக்குக் குடுத்தேன்?" என்று ஒரே அழுகை.

தண்ணீர் சரியாகிவிடும் என்று இனி உனக்குச் சொல்லமாட்டேன். போனில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

ரஞ்சித்

எளாவூர்
14.5.2024

மாமா, இந்தக் கடிதம் உங்களுக்கு இல்லை. அத்தைக்குப் படித்துக் காட்டுங்கள்.

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் முழங்கால் வலியோடு அத்தனை குடம் சுமந்தீர்களா? கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அண்ணி பார்க்காமல் அழுதேன்.

அந்தத் தண்ணீர் ஆகிறபோது நல்லதாகட்டும். அதற்காகக் காத்திருந்து எனக்கும் அலுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை நண்டு வண்டியில் நானும் ஐசுவும் வருகிறோம். கோதண்டம் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அதற்குள் கிணற்றைப் பலகை போட்டு மூடச் சொல்லுங்கள் உங்கள் பிள்ளையை. இந்தத் தடவையாவது அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசட்டும்.

கேன் கூடவே வரும். முதல் தம்ளர் உங்களுக்குத்தான். நான் பார்க்கக் குடிக்க வேண்டும்.

உங்கள் மருமகள்
வினோதினி