துவைக்காமல் அனுப்பிய புடவை

பலமனேர்,
ஜய வருஷம் புரட்டாசி 17, ஞாயிறு.

உத்தனப்பள்ளியில் இருக்கும் என் கணவர் அவர்களுக்கு முனிலட்சுமி வணங்கி எழுதிக்கொண்டது.

மூட்டையை அவிழ்க்காதீர்கள். க்ஷேமம் விசாரிப்பதற்கு முன் இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. புளி பாரம் இறக்கிவிட்டுத் திரும்பும் நம் ஊர் ராமப்பன் வண்டியில் ஒரு துணிமூட்டை கொடுத்தனுப்பினேன். திங்கட்கிழமை பொழுது சாய வந்துவிடும். பாப்பா அதைத் தொடவே கூடாது.

குப்பம் வரை சுகமாகத்தான் நடந்தோம். கால் கொப்புளத்தைத் தவிரக் குறையில்லை. மழைதான் விடவில்லை. கூட நடக்கும் ரங்கம்மாவுக்கும் எனக்கும் ஆளுக்கு இரண்டே புடவை, ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். சத்திரத்துக் கிணற்றடியில் துவைத்துப் போட்டால் விடிவதற்குள் காய்வதில்லை. திருப்பதிக்கு நடக்கிற எல்லோரும் மஞ்சளில் முக்கிக் கட்டியிருப்பதால் எது யாருடையது என்றும் தெரியாது. நான் மட்டும் அடையாளத்துக்கு முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவைப்பேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

செவ்வாய்க்கிழமை தங்கிய சத்திரத்தில் மழைக்குப் பயந்து எல்லோரும் சமையல்கட்டில், அடுப்புச் சூட்டில் கொடி கட்டிக் காயப்போட்டோம். மூலையில் ஒருத்தி தலையோடு போர்த்திப் படுத்திருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, "நடந்த அலுப்பு தாயி, வேறொண்ணுமில்ல" என்றாள் கூட இருந்தவள். விடிந்ததும் முடிச்சுள்ள புடவையை உருவிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியில் முடிச்சை அவிழ்த்தால் உள்ளே வேப்பிலை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. காற்று கருப்பு அண்டாமல் இருக்க ரங்கம்மா முடிந்திருப்பாள் என்று எறிந்துவிட்டேன்.

இரண்டு நாள் அதைக் கட்டி நடந்தேன். வெள்ளிக்கிழமை வெங்கடகிரிகோட்டையில் ராமப்பனைப் பார்த்ததும் என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். என் புடவையைப் போர்த்தாமல் பாப்பா தூங்கமாட்டாளே, உங்கள் தங்கை நாராயணம்மா என்ன பாடு படுகிறாளோ என்று அதை மூட்டை கட்டிக் கொடுத்தேன். துவைத்தால் என் வாசனை போய்விடும் என்று துவைக்காமலே கொடுத்தேன்.

இன்று மத்தியானம் ஓட்டமும் நடையுமாக ஒருவர் இங்கே வந்தார். அவர் கையில் என் புடவை. பச்சை நூலில் நான் தைத்த கிழிசல் தெரிந்தது. வாசலுக்கு வெளியிலேயே நின்று, "எம் பொண்டாட்டிக்கு அம்மா வார்த்திருக்குது தாயி. சத்திரத்துல தொரத்திடுவாங்கன்னு சொல்லாம இருந்துட்டோம். அவ சீலைய நீங்க மாத்திக் கட்டிட்டுப் போயிட்டீங்க. பச்சத் தண்ணியில அலசித்தான் போட்டிருந்தோம்" என்று அழுதார். பெரியம்மை. நம்மைத் தேடி இவ்வளவு தூரம் வந்தவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பாப்பாவுக்குத்தான் அம்மை குத்தியாயிற்றே, பயமென்ன என்று நினைப்பீர்கள். குத்தவில்லை. தை மாதம் அம்மை குத்துகிறவர் வந்த அன்று, அவளைக் கேழ்வரகு கொட்டிவைக்கும் தொம்பைக்குள் உட்காரவைத்து, வாயில் வெல்லத்தைத் திணித்து மூடிவிட்டேன். குத்தினால் ஜுரம் வந்து துடிப்பாளே என்று பயம். நீங்கள் வந்து கேட்டபோது ஆயிற்று என்று சொல்லி, கொசு கடித்த தடிப்பைக் காட்டினேன். நீங்கள் அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினீர்கள். பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

இங்குள்ள அற்புதராஜ் வாத்தியார் இன்று மாலை பஸ்ஸில் கிருஷ்ணகிரி போகிறார். காலையில் ராயக்கோட்டை வழியாக வந்து இதை உங்கள் கையிலேயே தருவதாகச் சொன்னார். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த பஸ்ஸிலேயே ஏறி ஓடிவரத் துடிக்கிறது. இரண்டு நாள் அது என் உடம்பில் கிடந்ததே, எப்படி வருவேன்? சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் குத்தியதால் எனக்கு வராது என்கிறார்கள். என் துணிமணியோடு அவளுக்கு வந்துவிட்டால்?

மூட்டையைக் கழியால் தூக்கிக் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிடுங்கள். அம்மன் ஏறிய துணியை எரிக்கலாமா என்று நாராயணம்மா மறிப்பாள். பாவம் என் தலையில் விடியட்டும் என்று சொல்லுங்கள். கையோடு பாப்பாவைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குத்திவிடுங்கள். ராமப்பனையும் கூட்டிப்போங்கள். வண்டி முந்திவந்து, அவள் அதைப் போர்த்தித் தூங்கியே இருந்தாலும், உடனே குத்தினால் தப்பிக்க வழியுண்டு என்று இங்கே கம்பவுண்டர் சொன்னார். அழுதால் அழட்டும். இந்தத் தடவை யாரும் ஒளிக்க வேண்டாம்.

பாதி வழியில் திரும்பினால் பெருமாள் கோபித்துக்கொள்வார் என்கிறாள் ரங்கம்மா. கோபித்துக்கொள்ளட்டும். நாளை விடிந்ததும் கூட்டத்தில் சேராமல் தனியாகத் திரும்பி நடக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுவேன். வீட்டுக்குள் வரமாட்டேன். கிணற்று மேட்டுக் கொட்டகையில் கிடக்கிறேன். நீங்கள் என்னோடு பேசாவிட்டாலும் சரி.

அவளுக்கு அம்மை தொற்றியிருந்தால் தெரியப் பதினைந்து நாள் ஆகுமாம். அத்தனை நாளும் ஒரு வேளை அவளை வரப்புவரை தூக்கிவந்து காட்டுங்கள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக் கத்துவாள். விட்டுவிடாதீர்கள். சட்டையைக் கழற்றி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுங்கள், நான் நன்றாகப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்களிடம் பொய் சொன்ன
முனிலட்சுமி